இடமாத்தியும் என் மெட்டியும்

உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான் என்று நம்பிய மனிதரை நான் ஓசூரில்தான் பார்த்தேன். கம்ப்யூட்டர் மவுஸ் சொன்ன இடத்துக்குப் போகாவிட்டாலும் சரி, கீபோர்டு ஒரு எழுத்து கேட்டால் நாலு எழுத்து போட்டாலும் சரி, அவர் ஆட்களை எழுப்பி இடம் மாற்றி உட்கார வைப்பார். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் இடமாத்தி.

பம்பு உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி அது. இடமாத்தி கெலமங்கலத்துக்காரர், கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியதும் மேனேஜர், "இதுவும் கரன்ட்லதானப்பா ஓடுது" என்று அவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டார்.

ஒரு கீபோர்டு மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். இடமாத்திக்கு அது பிடிக்காது.

"ஒயரக் கழட்டிக் கழட்டி மாட்டுனா பின்னு வளைஞ்சிடும்மா. மனுசனுக்கு ஏது பின்னு? நீ எந்திரி."

கோளாறு நாற்காலியோடு நின்றுவிட்டால் மெஷின் குற்றம். ஆளோடு கூடவே போனால் ஆள் குற்றம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

ஒருமுறை ஸ்டோர்ஸ் நஞ்சப்பாவின் மவுஸ் நகர மறுத்தது. இடமாத்தி நஞ்சப்பாவை மேனேஜர் நாற்காலியிலும் மேனேஜரை ஸ்டோர்ஸ் மேஜையிலும் உட்கார வைத்தார். அந்த நேரம் பார்த்து வந்த லாரி டிரைவர் மேனேஜரைப் பார்த்து, "யோவ், பில்லப் போடுய்யா, செக்போஸ்ட்டுல கூட்டம் சேர்ந்துடும்" என்று விரட்ட, அவர் பயந்துபோய்ப் பில் போட்டார். அந்தப் பக்கம் நஞ்சப்பா, லீவு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பெருமாள் கோவில் பிரசாதம் போல லீவு கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மவுஸைக் கவிழ்த்து மூடியைத் திருகினால், உருண்டை உருளும் இடம் முழுக்க நஞ்சப்பாவின் மூக்குப்பொடி!

"பாத்தீங்களா சார், ஆள் குத்தம்" என்றார் இடமாத்தி. இதற்கு எதற்கு மேனேஜரையே எழுப்பினார் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு என் முறை வந்தது.

நான் அங்கே பில் டைப் செய்யும் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் கைக்குழந்தை. வீட்டுக்காரரின் ஃபேக்டரியில் கதவடைப்பு. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டு ரத்னம்மாவிடம் விட்டுவிட்டு வருவேன். வந்ததிலிருந்து, பால் குடித்தாளா, தொட்டிலில் புரண்டாளா, வீட்டில் ஸ்டவ்வை அணைத்தேனா என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் என் கீபோர்டு திடீர் திடீரென்று உறைந்து நிற்கும். இல்லாவிட்டால் தானாகவே பூஜ்யங்களைக் கொட்டும். பெங்களூருக்கு நாற்பது வாஷர் அனுப்ப வேண்டிய பில் நாலாயிரம் என்று போய்விட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். "ஏம்மா, வீட்டு ஞாபகத்துலயே டைப் பண்றியா? மாசக் கடைசியில உன்னப் பத்தி நான் என்ன எழுதறது?"

ஒருவேளை நானே அழுத்திவிட்டு மறந்திருப்பேனோ என்று எனக்கும் தோன்றியது.

இடமாத்தி வந்தார். "எந்திரி."

என் இடத்தில் நஞ்சப்பா உட்கார்ந்தார். கீபோர்டு பசு மாதிரி சாதுவாக இருந்தது. நான் நஞ்சப்பாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கீபோர்டு உறைந்தது. மேனேஜரின் மெஷினைத் தொட்டேன். மவுஸின் அம்பு தானாகவே துள்ளிக் குதித்து ஒரு மூலையில் போய் ஒளிந்துகொண்டது.

"அப்போ கோளாறு ஆளுகிட்டதான்" என்றார் மேனேஜர்.

"அவசரப்படாதீங்க சார். அவ இடத்துல நான் உக்காரணும். அவ பண்றதெல்லாம் நான் பண்ணணும். அப்பத்தான் டெஸ்ட்டு முழுசாவும்."

மறுநாள் முழுக்க இடமாத்தி நானாக இருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். போட்ட பில்லையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். அப்படியெல்லாமா செய்கிறேன் என்று நான் கூசிப்போனேன். மூன்று மணிக்கு, நான் செய்வதைப் போலவே, போனை எடுத்து ரத்னம்மா வீட்டுக்குச் சுற்றினார்.

"ரத்னம்மாவா? பாப்பா பால் குடிச்சுதா? சளியா? மூக்கு என்னா கலர்ல ஒழுவுது?"

ஆபீசே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "குடிச்சிடுச்சாம், தூங்குதாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெருமூச்சு விடத் தொடங்கினார்.

மாலையில் எழுந்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. "இந்தப் பொண்ணு பண்றதெல்லாம் பண்ணிட்டேன் சார். பாக்கி இருக்கறது அது கட்டியிருக்கற நைலக்ஸ் பொடவையும் சுவெட்டரும்தான்." கொஞ்சம் யோசித்தார். "பொடவ என்னால முடியாது. சுவெட்டரக் குடும்மா."

நான் சுவெட்டரைக் கழற்றினேன். படபடவென்று பொரிந்தது. நீட்டியபோது விரல் விரலில் பட்டு, பளிச்சென்று ஒரு பொறி. இடமாத்தி துள்ளி எழும்பினார். அப்படியொரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் கண்டதில்லை.

"கரன்ட்டு! சார், இந்தப் பொண்ணு மேல கரன்ட்டு!"

ஈரமில்லாத ஓசூர்க் குளிர், தூசிக்குப் பயந்து விரித்திருந்த கார்ப்பெட், நைலக்ஸ் புடவை, கம்பளி சுவெட்டர். நான் நடக்க நடக்க என் மேல் மின்சாரம் சேர்ந்து, தொட்ட கீபோர்டில் எல்லாம் இறங்கியிருக்கிறது. அவர் என்னைக் கார்ப்பெட்டில் காலைத் தேய்த்து நடக்கவிட்டு, ஒவ்வொருவரையும் தொடச் சொன்னார்.

"நன்ன பிட்டுபிடு தாயி, என்ன விட்டுடு!" என்று நஞ்சப்பா கன்னடத்திலும் தமிழிலும் கும்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினார்.

"சும்மா கதை விடாதீங்கப்பா" என்று மேனேஜர் விரலை நீட்டினார். சட்டென்று ஒரு சத்தம். அவர் கையிலிருந்த ஃபைல் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் பேசும்போது ஓரடி தள்ளியே நின்றார்.

"சுவெட்டர் போடாம வரச் சொல்லு" என்றார்.

"பால் குடுக்கற பொண்ணு சார். அவளுக்குச் சளி புடிச்சா கொழந்தைக்கும் புடிக்கும். எர்த் குடுத்துடலாம், மேல சேர்ற கரன்ட்டு தரைக்குப் போயிடும்" என்றார் இடமாத்தி.

ஒரு மெல்லிய ஒயர், ஒரு முனை பிளக் பாயின்ட்டின் எர்த்தில், ஷாக் அடிக்காமலிருக்க நடுவில் நெல்மணி போல ஒரு ரெசிஸ்டர், மறுமுனையில் கிளிப். எதில் மாட்டுவது? கையில் கண்ணாடி வளையல். தாலிச் சங்கிலி என்று நஞ்சப்பா வாசலிலிருந்து யோசனை சொல்லி, எல்லோரிடமும் திட்டு வாங்கினார். இடமாத்தியின் பார்வை என் காலுக்குப் போனது.

"மெட்டி வெள்ளிதானே?"

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கிளிப்பைப் பின்பக்கமாக நீட்டினார். "நீயே மாட்டிக்கம்மா."

மாட்டினேன். கம்பெனியோடு நிஜமாகவே கட்டிப்போடப்பட்ட ஒரே ஊழியர் நான்தான். கீபோர்டு அன்றிலிருந்து அடங்கியது. எனக்குத்தான் வேறு கவலை பிடித்துக்கொண்டது. மெட்டிக்கு எர்த் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? தினமும் மாலையில் போய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவர் நன்றாகத்தான் இருந்தார். என்னைப் பற்றித்தான் கவலைப்பட ஆரம்பித்தார்.

மாசக் கடைசியில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "இப்ப சொல்லுப்பா. கோளாறு ஆளா, மெஷினா?"

"ரெண்டும் இல்லீங்க சார். கார்ப்பெட்டு. அது நீங்க வாங்குனது."

மேனேஜர் குனிந்து கார்ப்பெட்டைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனால், இடமாத்தி அதற்குள் நம்பரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ரத்னம்மா, நீ வேணாம். போன பாப்பா காதுல வையி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாப்பா, உங்கம்மாவுக்கு வேலை பெர்மனென்ட் ஆயிடுச்சு. அவ ஒண்ணும் தப்பா டைப் அடிக்கல."

அந்தப் பக்கத்திலிருந்து என் மகள் என்ன சொன்னாளோ தெரியாது. அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரிங்க... சரிங்க..." என்று வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.