ஆமாங்க என்று சொல்லியே மூடிய கம்பெனி

என் கையெழுத்து கிறுக்கலாக இருக்கும். ல, ள, ழ மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேச்சு இதைவிட மோசம். அதனால்தான் கம்பெனியே போனது.

கம்பெனி என்றால் மலைமேல் வெள்ளக்கடையில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு அரவை மிஷின், காப்பிக்கொட்டை வறுக்க ரோஸியக்கா, பொட்டலம் போட அவருடைய இரண்டு மருமகள்கள். (பெயர்ப்பலகையில் மட்டும் நான் முதலாளி.) ஒருமுறை கொட்டை கருகிவிட்டது. ரோஸியக்கா வேண்டாம் என்று சொல்லியும், "வாசம் நல்லாத்தானே இருக்கு" என்று நான்தான் அரைத்து அனுப்பச் சொன்னேன்.

அந்தத் தூளை வாங்கிய ஒருவர் சேலத்திலிருந்து போன் செய்தார். எங்கள் பக்கம், எதிரே இருப்பவர் பேசப் பேச 'ஆமாங்க' போட்டுக்கொண்டே இருப்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

"தூள் ஒரே கசப்பு."

"ஆமாங்க."

"புளியங்கொட்டையை வறுத்துக் கலக்கறீங்களா?"

"ஆமாங்க..."

'அப்படியெல்லாம் இல்லீங்க' என்பது அடுத்து வர வேண்டும். கூச்சத்தில் அது தொண்டையைத் தாண்டுவதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். பேசியதை அவர் பதிவு செய்திருக்கிறார்; சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் சுற்றியது: 'முதலாளியே ஒப்புக்கொண்டார்!'

ரோஸியக்கா வந்து நின்றார். "ஏனுங்க, கருகிப்போச்சு, வேற தூள் தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. எங்க மூணு பேரு சோறுங்க இது."

"சொல்றேங்க்கா" என்றேன். போனை அணைத்துவிட்டேன்.

மறுநாள், எங்கள் தூளை விற்கும் சேலத்துக் கடைக்காரர் பஸ் பிடித்து மேலேயே வந்துவிட்டார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

"ஓனரு ஊர்ல இல்லீங்க" என்றார் ரோஸியக்கா. (ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எனக்காகப் பொய்.)

"நெசமாலுமே இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றது மூட்டைக்குப் பின்னாலிருந்து என் குரல்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "நடந்ததைச் சொல்லியிருந்தா உங்களுக்காக நானே நாலு பேருகிட்ட பேசியிருப்பேனுங்க. ஒளியறவரு தூளை எப்படிங்க விக்கறது?"

மற்ற கடைகளும் சரக்கைத் திருப்பி அனுப்பின. கொட்டகையைப் பூட்டினேன். நடந்ததைச் சொல்ல முதலாளிக்குப் படிப்பு எதற்கு? வெளியே வந்து நின்றிருந்தால் போதும்.

இப்போது யார் கதவைத் தட்டினாலும் என் மகள், "அப்பா, நீங்க இருக்கீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். ரோஸியக்கா கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறார். ஜீப்பில் இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பாராம். வழியில் என்னைப் பார்த்தால், "ஏனுங்க ஓனரே, மிஷினை எப்பங்க ஓட்டறது?" என்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். என் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். பிறகு ஜீப் வந்துவிடும்.

வெள்ளக்கடை,
கார்த்திகை 5, சனிக்கிழமை.