அசைந்தால் மட்டும் சுழலும் விசிறி

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவனைவிட அதை மிச்சப்படுத்துகிறவனே பெரியவன் என்பது என் அசைக்க முடியாத கருத்து. அப்படிப் பார்த்தால் இந்த நூற்றாண்டின் மாமேதை ராஜபாளையத்தில், ஒரு டயர்க் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் பிரேம்குமார்தான். கடையின் பெயர் ‘பசுமைப் பொறி எனர்ஜி சொல்யூஷன்ஸ்’. பொறி என்றால் இயந்திரம். எலியைப் பிடிப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி கடைக்குப் பெயர் வைக்கும் தமிழறிவு எல்லாக் காண்டிராக்டருக்கும் வாய்த்துவிடாது.

அவரைப் பற்றிப் புகார் வந்தபோது நான் வருத்தப்பட்டேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ‘நுகர்வோர் நல்லிணக்க மைய’த்தின் செயலாளர். தலைவர் சோலைராஜ் அண்ணாச்சி, அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர் நிஜாம் பாய், பாத்திரக் கடைக்காரர். ஏமாந்தவரையும் ஏமாற்றியவரையும் எங்கள் மாடி அறைக்கு வரவழைத்து, ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவது எங்கள் பணி. எங்கள் தீர்ப்புக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. லெட்டர்பேடின் பலம் உண்டு.

புகார்தாரர் ஐயாதுரை, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். நிரந்தர நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். விசிறியை அணைக்காமல் வேலைக்குப் போய்விடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி பரிபூரணம் அலுத்துப்போன நேரத்தில்தான் பிரேம்குமார் வந்தார். அறையில் ஆள் இருந்தால் லைட்டும் விசிறியும் தானாக ஓடும், ஆள் இல்லையென்றால் தானாக நின்றுவிடும் என்று ஒரு சென்சாரைக் காட்டினார். மனிதன் மறதிக்காரன், அவன் கையில் சுவிட்ச் இருப்பதே ஆபத்து என்று எடுத்துச் சொல்லி, இருந்த சுவிட்சுகளை எல்லாம் பிடுங்கி, ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்து, மேலே பச்சை பெயின்டும் அடித்துவிட்டுப் போனார்.

சென்சாருக்கு ஆள் தெரியாது, அசைவுதான் தெரியும். ஐயாதுரை படுத்து, புரண்டு, கண் அசந்து, நன்றாகத் தூங்கத் தொடங்கியதும், அறையில் ஆள் இல்லை என்று அது முடிவெடுத்து விசிறியை நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் வேர்த்து விழித்துக் கையை உதறினால் மறுபடி சுற்றும். மறுபடி தூங்கினால் மறுபடி நிற்கும். தேவைக்கு மட்டும் மின்சாரம் என்ற உயர்ந்த கொள்கையை இதைவிடக் கறாராக யாரும் கடைப்பிடித்ததில்லை.

பரிபூரணம் வீட்டில் நைட்டி தைக்கிறவர். தையல் மெஷினைப் படுக்கையறைக்குத் தூக்கிவந்து கணவர் தலைமாட்டில் உட்கார்ந்து தைத்துப் பார்த்தார். விசிறி நிற்காமல் ஓடியது. மெஷின் சத்தத்தில் ஐயாதுரைதான் தூங்கவில்லை. பிறகு ஒரு கோழியைக் கொண்டுவந்து கட்டில் காலில் கட்டினார். கோழி அங்குமிங்கும் நடந்து கிளறியவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மத்தியானம் ஆனதும் கோழியும் தூங்கிவிட்டது.

பிரேம்குமாரிடம் ஐயாதுரை போய்ச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. மேதைகளுக்குப் பொறுமை அதிகம். கரண்ட் பில் குறைந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டார். குறைந்துதான் இருந்தது.

“பொறவு என்ன அண்ணாச்சி? சென்சார்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் தூங்கும்போதும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கணும்” என்றார்.

பகலில் சுறுசுறுப்பாகத் தூங்கிய ஐயாதுரை, ராத்திரி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே கண் அசந்தார். மேனேஜர் பார்த்துவிட்டார். இருபது வருடமாக ஒரு சொல் வாங்காத மனிதரை மெஷினிலிருந்து எடுத்து, லாரிக்குக் கேட் திறக்கிற வேலையில் போட்டார்கள். மில்லில் அவருக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர் விழுந்தது. அவர் சரிசெய்து ஓட்டிய மெஷின்களில் நேற்று வந்த பையன்கள் கை வைப்பதைக் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் மாடிப்படி ஏறினார்.

நாங்கள் கள ஆய்வுக்குப் போனோம். பிரேம்குமாரும் வந்திருந்தார். தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். நாங்கள் போன இடமெல்லாம் விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. கருவி பிரமாதமாக வேலை செய்வதாகத் தலைவர் சொன்னார். நடந்தால் வேலை செய்யும், படுத்துப் பாருங்கள் என்று ஐயாதுரை கெஞ்சினார். புகார்தாரரின் கட்டிலில் தலைவர் படுப்பது மையத்தின் மரபல்ல என்று நான் விளக்கினேன்.

பரிபூரணம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். புகார்தாரர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பதும் மரபுதான். ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பின் வாசம் வந்ததும், எதிர்த்தரப்புக்கும் அதே பந்தியில் இலை போட்டால் நடுநிலை கெடாது என்று தலைவர் வழிகாட்டினார். பிரேம்குமார் சாப்பிட்டு முடித்ததும் வேறொரு வீட்டுச் சுவிட்சுகளைப் பிடுங்க வேண்டியிருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். நாங்கள் மூவரும் ஆய்வுக் குறிப்பு எழுதுவதற்காகப் படுக்கையறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வெயிலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். தலைவர் கண்ணை மூடி, வழக்கின் நுணுக்கங்களைப் பரிசீலிக்கத் தொடங்கினார். நிஜாம் பாயும் பரிசீலித்தார். நானும் பரிசீலித்தேன்.

நான் விழித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறை இருட்டாக இருந்தது. விசிறி நின்றிருந்தது. தலைவரின் பரிசீலனை குறட்டையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வாசல்படிக்கு வெளியே புருஷனும் பெண்டாட்டியும் அசையாமல் நின்றார்கள்.

“செத்த நேரமா இங்கயே நிக்கோம். நாங்க உள்ள வந்தா ஃபேன் சுத்திரும்லா, அதான் வரலை” என்றார் பரிபூரணம்.

தலைவர் திடுக்கிட்டு எழுந்தார். உடனே விளக்கு எரிந்து விசிறியும் சுழன்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐயாதுரை முகத்தில் பல நாள் கழித்து ஒரு தெளிவு வந்தது. மூன்று பெரிய மனிதர்கள் தன் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள், இல்லை, கண்ணை மூடியே பார்த்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார். நாங்கள் பஸ் ஏறும்வரை கூடவே வந்து வழியனுப்பினார்.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு மாற்றம் நடந்தது. இனி எங்களுக்காகக் காத்திருக்க முடியாது என்று பரிபூரணம் எலக்ட்ரீஷியன் வேல்சாமியை அழைத்து, சிமெண்டை உடைத்துப் பழைய சுவிட்சுகளையே மாட்டச் செய்துவிட்டார். ஐயாதுரை நிம்மதியாகத் தூங்கினார். சில நாளில் மேனேஜர் அவரை மெஷினுக்கே திருப்பி அனுப்பினார். பெயர் மட்டும் போகவில்லை. அதனால் தீர்ப்பு நாளில் சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டு, பரிபூரணத்தோடு எங்கள் மாடிக்கு வந்தார்.

“எனக்கு நஷ்ட ஈடுல்லாம் வேண்டாம் சார். மில்லுல தூங்குமூஞ்சிங்காங்க. தப்பு என் பேர்ல இல்ல, அந்த சென்சார் பேர்லதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நாங்கள் கூடினோம். நாம் உட்கார்ந்திருந்தபோதே விசிறி நின்றது உண்மைதானே, அதை எழுதிவிடுவோம் என்றார் நிஜாம் பாய். வியாபாரிகளுக்கு நிர்வாகம் புரியாது. விசிறி நின்றது என்று எழுதினால் ஏன் நின்றது என்று எழுத வேண்டும், ஏன் நின்றது என்று எழுதினால் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று எழுத வேண்டும் என்று தலைவர் அவருக்குப் புரியவைத்தார். ஒருவரின் தூக்கத்துக்காக மூவரின் விழிப்பைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குவது நீதியாகாது. நிஜாம் பாய் பேனாவை எடுத்தார். கையெழுத்தும் போட்டார்.

ஐயாதுரையையும், அதற்குள் வந்துசேர்ந்த பிரேம்குமாரையும் உள்ளே அழைத்து, தலைவர் எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார். குழுவினர் மூவரும் முழு விழிப்புடன் அறையில் அமர்ந்து ஆய்வு செய்ததாகவும், ஆய்வு முடியும்வரை கருவி துல்லியமாக, குறையின்றிச் செயல்பட்டதாகவும், பசுமைப் பொறி நிறுவனத்தின் சேவை பாராட்டத்தக்கது என்றும் அதில் இருந்தது. பிரேம்குமார் கை கூப்பினார்.

பரிபூரணம் ஐயாதுரையின் கையைப் பிடித்து வாங்க போவோம் என்றார். அவர் போகவில்லை. தலைவரைப் பார்த்து மரியாதையாகவே சொன்னார்.

“சரிங்க சார். பெரியவிய சொல்லிட்டிய, நான் ஒத்துக்கிடுதேன். அந்த மெஷின்ல ஒரு குறையும் இல்ல. நீங்க மூணு பேரும் உக்காந்திருக்கையில உள்ள ஆளே இல்லைன்னு அது சரியாத்தான் சொல்லியிருக்கு.”

தலைவர் இதைப் புகார்தாரரின் நன்றியுரையாக ஏற்று, நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் சொன்னார். நானும் பதிந்தேன்.