காளியம்மா அக்காவுடன் போன இரண்டாவது ஆள்

பாசிர் கூடாங், ஜொகூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் யுகேந்திரன் அவர்களுக்கு, உங்கள் அத்தான் ஐயாசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா செல்வராணியும் நலம். ரெங்கத்தில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வயதில் நீங்கள் என்னைவிடப் பத்து ஆண்டு சின்னவர் என்றாலும், பள்ளியில் ஆங்கிலம் போதிப்பவர் என்பதால் எப்போதும் போல் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். இந்த மரியாதைதான் இப்போது எனக்கு வினையாக வந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். ஆனால் நான் பேசும்போது உங்கள் அக்கா குறுக்கே பேசுவாள், கடைசியில் உங்களுக்கு அவள் குரல் மட்டும்தான் வந்து சேரும்.

ஜனவரியிலிருந்து எங்கள் தொழிற்சாலையின் வாசல் பதிவேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வந்து தணிக்கை செய்கிறவர்கள் அப்படிக் கேட்டார்களாம். இருபத்தாறு ஆண்டுகள் நான் மலாயில் எழுதினேன். வெளியே போனால் கெலுவார், உள்ளே வந்தால் மாசோக். முதலாளி போனாலும் கெலுவார், பூனை போனாலும் கெலுவார், ஐம்பது பேர் சேர்ந்து போனாலும் அதே கெலுவார்தான். ஆங்கிலத்தில் 'வாஸ்' என்று ஒன்று, 'வேர்' என்று ஒன்று இருக்கிறது, எதை எங்கே போடுவது என்று உங்களுக்குத் தொலைபேசியில் அடித்துக் கேட்டேன். நீங்கள் அப்போது பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டே, "ரொம்ப சுலபம் அத்தான். அவன் வந்தான்னா 'வாஸ்'. அவங்க வந்தாங்கன்னா 'வேர்'. அவ்வளவுதான், குழப்பிக்காதீங்க," என்றீர்கள். நான் குழப்பிக்கொள்ளவில்லை. அப்படியே ஒரு அட்டையில் எழுதி, காவல் அறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். அன்று முதல் அதிலிருந்து ஓர் எழுத்தும் பிசகியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது காளியம்மா அக்காவைப் பற்றி. காஹாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர், வயது அறுபத்து மூன்று, தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து துப்புரவுப் பகுதியில் இருக்கிறார். ஓய்வு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் நீட்டித்துத்தான் வேலை கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு ஒப்பந்தம் இம்மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. வீட்டில் படுக்கையில் இருக்கும் கணவருக்கு அவர் ஒருவர்தான் துணை, வேலை போனால் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அவர் தன்னுடைய இரத்த அழுத்த மாத்திரைப் பையைத் தொழிற்சாலைப் பேருந்திலேயே விட்டுவிட்டார். ஓட்டுநர் திரும்பி வந்து பின்வாசலுக்கு வெளியே சாலையோரம் நிற்பதாகத் தகவல் சொன்னார். அக்கா, "தம்பி, பாஸ் எழுத நேரமில்லடா, பஸ்காரன் போயிடுவான்," என்று சொல்லிவிட்டு ஓடினார். ஓடினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், முழங்கால் வலியோடு போனார். நான் கடமை தவறாமல் எழுதினேன்: பத்து இருபது, மேடம் காளியம்மா வேர் கோயிங் அவுட். பத்து நாற்பத்தைந்து, மேடம் காளியம்மா வேர் கம்மிங் இன். அக்கா வந்தாங்க, ஆகவே 'வேர்'. நீங்கள் சொன்னபடி.

அன்று சாயங்காலம் கிடங்கில் எண்பது கிலோ எடையுள்ள செம்புக் கேபிள் சுருள் ஒன்று காணவில்லை என்று தெரிந்தது. பின்வாசல் கேமரா இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை. ஆகவே என் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் விஜிதா மேடம் முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், ஜொகூர் பாருவில் படித்து வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி தவறினாலும் அவருக்குக் கண் உறுத்தும். அவர் நிதானமாக யோசித்திருக்கிறார். எண்பது கிலோவை ஒருவர் தூக்க முடியாது, குறைந்தது இருவர் வேண்டும். அந்த நேரத்தில் பாஸ் இல்லாமல் வெளியே போன 'இருவர்' யார்? பதிவேடு சொல்கிறது: காளியம்மாவும் இன்னொருவரும். திரும்பி வந்ததும் இருவர். ஆகவே அந்த இன்னொருவர் தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறார்.

வியாழக்கிழமை காளியம்மா அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. கூடப் போனவர் பெயரைச் சொல்லாவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்க இயலாது என்று அதில் இருந்ததாம். அக்கா கடிதத்தோடு காவல் அறைக்கு வந்து, "ஐயாசாமி, நான் தனியாத்தானேடா போனேன்? கூட யாரு வந்தா, நீயே சொல்லு," என்றார். நான் சொன்னேன், "தனியாத்தான்கா போனீங்க." "பின்ன ரெண்டு பேருன்னு எழுதியிருக்குதாமே?" எழுதியவன் நான். பார்த்தது ஒருவரை. பதிவேட்டில் இருப்பது இருவர். பதிவேடோ அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறது, எனக்குக் காட்ட மாட்டார்கள். அப்படியானால் கோளாறு என் கண்ணில்தான் என்று முடிவு செய்து, மறுநாளே மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டேன். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது இன்னும் கவலையாகப் போய்விட்டது. இரண்டு நாள் யோசித்து யோசித்து, அக்காவுக்குப் பின்னால் நீலச் சட்டையில் யாரோ நிழலாகப் போனது போல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது, மச்சான். உணவுக்கூடத்தில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அங்கே சமைக்கும் பிரேமலா மட்டும், "அக்கா கூட அந்தக் காளியாத்தாதான் போயிருப்பா. அவளுக்கு எங்க போய் லெட்டர் குடுப்பாங்க?" என்று சொல்லிச் சிரித்தாள். காளியம்மா அக்கா சிரிக்கவில்லை. அன்று அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை விசாரணை. மேசையின் அந்தப் பக்கம் விஜிதா மேடம், இந்தப் பக்கம் அக்கா, நடுவில் என்னுடைய பதிவேடு. மேடம் தமிழில்தான் கேட்டார். "அங்கிள், நீங்க நேர்மையா எழுதியிருக்கீங்க. 'வேர்'னு தெளிவா இருக்கு. இன்னொருத்தர் யாருன்னு மட்டும் சொல்லிடுங்க." அக்காவுக்கு ஆங்கிலம் வராது. "என்னம்மா வேரு? நான் எந்த மரத்து வேரப் புடுங்கினேன்?" என்று கேட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "மேடம், அக்கா ஒரு ஆள்தான் போனாங்க," என்றேன். "அப்ப ஏன் 'வேர்' போட்டீங்க?" "போனாங்க இல்லையா மேடம்? போனாங்கன்னா 'வேர்'தானே? 'வாஸ்' போட்டா போனாள்னு ஆயிடுமே. அக்காவப் போய் எப்படி மேடம் அப்படி எழுதுறது?"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். எட்டு ஐந்து, மிஸ்டர் லிம் வேர் அரைவிங். எங்கள் நிர்வாகி லிம் தனியாகக் காரில் வருகிறவர். எட்டு நாற்பது, மேடம் விஜிதா வேர் கம்மிங். "நானும் ரெண்டு பேரா அங்கிள்?" "உங்களுக்கு மரியாதை குடுக்காம இருக்க முடியுமா மேடம்?" அவர் இன்னும் புரட்டினார். நாய் வாஸ் ஸ்லீப்பிங். ஐ வாஸ் ஈட்டிங். அது நான். என்னை நானே உயர்த்தி எழுதலாமா? பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்துக்கு வந்து, விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டார். பத்து முப்பத்தைந்து, தங்கராஜு குணாளன் வாஸ் கோயிங் அவுட் வித் டிராலி. "இந்த ஆள் தனியா டிராலி தள்ளிக்கிட்டுப் போயிருக்காரு. தங்கராஜு, அப்பா பேரு குணாளன். ஒருத்தரால எண்பது கிலோவைத் தூக்கி ஏத்த முடியாதேன்னு இவரை விட்டுட்டேன்." நான் சொன்னேன், "அப்பா பேரு இல்ல மேடம். தங்கராஜு ஒருத்தன், குணாளன் ஒருத்தன். பராமரிப்புப் பகுதியில இருக்கானுங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரா? அப்ப இங்க ஏன் அங்கிள் 'வாஸ்'?" உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. "வாட்ச்மேன்னுகூடச் சொல்லாம எந்நேரமும் 'டேய் ஜாகா, கேட்டத் திற'ன்னு கூப்பிடுறவனுங்க மேடம். அவனுங்களுக்கு அது போதும்," என்றேன்.

மேடம் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்து அக்கா எழுந்தே விட்டார். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. உடனே தங்கராஜுவையும் குணாளனையும் கூப்பிட்டு விட்டார்கள். இருவரும் நாற்பது தாண்டிய ஆட்கள், திருடர்கள் இல்லை. சாலைக்கு எதிரே இருக்கும் எங்கள் இரண்டாம் கட்டடத்துக்குக் கேபிளைக் கொண்டுபோகச் சொல்லிப் பொறியாளர் வாயால் சொல்லியிருக்கிறார், அதற்கான படிவத்தை நிரப்ப மறந்துவிட்டார். சுருள் அங்கே தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது. "அலமாக், இதுக்கா ஒரு வாரமா போலீஸ் வேலை பாத்தீங்க?" என்றான் தங்கராஜு. விவரம் தெரிந்ததும் என் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் வேரு, எங்க ரெண்டு பேருக்குச் சேத்தே ஒரு வாஸா?" என்று கேட்டான். அன்று மாலையிலிருந்து இருவரும் என்னை 'அண்ணே' என்கிறார்கள். அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தை மேடம் அவர் முன்னாலேயே திரும்பப் பெற்றுக்கொண்டு, ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்துக் கையெழுத்திட்டார். மன்னிப்பும் கேட்டார். அக்கா அந்தத் தாளை வாங்கி நாலாய் மடித்து மாத்திரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "தேடின வரைக்கும் போதும்மா, வேலையப் பாக்கணும்," என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னை மட்டும் சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறேன். அங்கே தெரிந்துகொண்டதையும் உங்களிடம் முறையிட வேண்டும். பலர் என்றால் பெயருக்குப் பின்னால் 'எஸ்' போட வேண்டுமாம், உடனே வினையிலிருந்து 'எஸ்'ஸைக் கழற்றிவிட வேண்டுமாம். ஒருவர் என்றால் பெயரிலிருந்து கழற்றி வினைக்கு மாட்ட வேண்டுமாம். பகல் ஷிப்ட்டும் இரவு ஷிப்ட்டும் ஒரே மழைக்கோட்டை மாற்றிப் போட்டுக்கொள்வது போல இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எதிரில் இருப்பவர் ஒரே ஆளாக இருந்தாலும் 'யூ வேர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. அதே ஆள் எழுந்து வெளியே போய்விட்டால் 'ஷி வாஸ்' ஆகிவிடுகிறார். நேரில் மரியாதை, முதுகைத் திருப்பினால் கிடையாது. இது என்ன வழக்கம் என்று கேட்டேன். "ரூல் லா அங்கிள், கேள்வி கேக்காதீங்க," என்றார்கள்.

ஆகவே மச்சான், இதன் மூலம் உங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், நான் திருந்திவிட்டேன். நிர்வாகி லிம் வந்தாலும் 'வாஸ்', விஜிதா மேடம் வந்தாலும் 'வாஸ்', மேன்மைக்குரிய யார் வந்தாலும் தலையை எண்ணித்தான் எழுதுவேன். காளியம்மா அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். "அந்த ஆபீஸ் பொண்ணுக்கும் அதேதானா?" என்று கேட்டார். அதேதான் என்றேன். "அப்ப சரி, எழுதிக்க," என்றார். நீங்களும் இனி யாருக்கும் 'அவங்க வந்தாங்க' என்று சொல்லிப் பாடம் நடத்தாதீர்கள். உங்கள் வகுப்பில் என் போன்ற தலைகள் எத்தனை இருக்கின்றனவோ.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே இலக்கணம் சொல்லாதீர்கள். எல்லாம் வல்ல முருகன் உங்கள் எல்லோரையும் ஒருமையிலும் பன்மையிலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
ஐயாசாமி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று வியாழக்கிழமை. மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். நேற்று வாசலில் கைரேகை இயந்திரம் மாட்டிவிட்டார்கள். விரலை வைத்தால் நேரத்தை அதுவே குறித்துக்கொள்கிறது. வாஸும் கிடையாது, வேரும் கிடையாது, சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் காளியம்மா அக்காவின் விரலை மட்டும் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. இத்தனை ஆண்டுகள் குளோரின் தண்ணீரில் துடைத்துத் துடைத்து ரேகையே இல்லையாம். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஆகவே அவர் ஒருவருக்காக மட்டும் நான் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு. நேற்று மாலை, கற்றுக்கொண்டது வீண்போகக் கூடாது என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எழுதினேன்: மேடம் காளியம்மா வாஸ் கோயிங் அவுட். இன்று காலை விஜிதா மேடம் கையெழுத்துப் போட வந்தவர், அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவால் 'வாஸ்'ஸை அடித்து, மேலே 'வேர்' என்று எழுதி, ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். "தணிக்கைக்காரங்க கேட்டா என்ன மேடம் சொல்றது?" என்றேன். "என்கிட்ட அனுப்புங்க அங்கிள்," என்று போய்விட்டார். அடுத்துத் துடைப்பத்தோடு வந்த அக்கா நோட்டை எட்டிப் பார்த்தார். "என்னடா, என் பேருக்குப் பக்கத்துல செவப்பா அடிச்சிருக்கு?" "மேடமே உங்களுக்கு 'வேர்' போட்டுட்டாங்கக்கா." அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, மறுபடியும் யாரைடா தேடப் போறாங்க?" என்றார்.