கடைசி வசனம் என்னுடையது

பேரன்புள்ள மார்லிஸ் சித்திக்கு,

ஆனிகா எழுதுகிறேன். நானும் கர்ட்டும் குழந்தை பிரிட்டாவும் சௌக்கியம். உங்கள் புது முழங்காலும், அதைத் திட்டாமல் நடத்தும் உங்கள் பொறுமையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் டுலூத் ஊரில் ஏரிக்காற்று இன்னும் வாசல்கதவைத் தள்ளுகிறதா? போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. துணி உலர்த்தும் இயந்திரம் மட்டும் எனக்குத் துணையாக உருண்டுகொண்டிருக்கிறது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வருகிற சனிக்கிழமை என் நாடகத்தைப் பார்க்க நீங்கள் வரவேண்டாம்.

தீயணைப்பு நிலையத்து மாடியில் எங்கள் ஊர் நாடகக் குழு போடும் நாடகத்தில் எனக்கு வேஷம் கிடைத்திருக்கிறது என்று துள்ளிக் குதித்து எழுதியிருந்தேன் அல்லவா, பிரிட்டா பிறந்த பிறகு டயப்பர் வாங்குவதற்கல்லாமல் நான் வீட்டைவிட்டுத் தனியாகக் கிளம்பியது அதற்காகத்தான். கல்லூரியில் நாடகக்கலை அறிமுகம் என்று ஒரு பாடம் படித்தேன், நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன், முகமூடி எங்கிருந்து வந்தது, நாடகம் எப்படிக் கோயிலைவிட்டுத் தெருவுக்கு வந்து, வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய், கடைசியில் கூரைக்கடியில் உட்கார்ந்தது, எல்லாம் எழுதத் தெரியும். மேடையில் நிற்கும்போது இரண்டு கைகளையும் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. நல்லவேளையாக ஒரு கையில் கெட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். இயக்குநர் ஆர்வில், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு ஒத்திகையையும் கிரேக்க தேசத்திலிருந்துதான் ஆரம்பிப்பார், நம் காலத்துக்கு வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "ஆதியில எல்லாரும் கூட்டமா நின்னு பாடிக்கிட்டிருந்தாங்கம்மா. அதுல ஒருத்தன் மட்டும் ஒரு அடி முன்னால வந்து தனியா ஒரு வார்த்தை சொன்னான். அன்னிக்குப் பொறந்தது நாடகம். உனக்கும் ஒரே வசனம்தான். நீயும் ஒரு அடி முன்னால வரணும்" என்றார். அன்றிலிருந்து அத்தனை நூற்றாண்டும் என் தலையில் உட்கார்ந்துகொண்டது.

கதை கலங்கரை விளக்கம் காக்கும் குடும்பத்தைப் பற்றியது. நாடகம் முழுக்க நான் மருமகளாகக் கெட்டிலோடு நிற்பேன். கடைசியில் வீட்டைக் காலிசெய்து எல்லோரும் கிளம்பும்போது மேடை வெளிச்சம் மெல்ல மங்கும். அப்போது நான் ஒரு அடி முன்னால் வந்து, "விளக்கை அணைக்காதீங்க, யாராவது வருவாங்க" என்று சொல்லவேண்டும். உடனே திரை. ஆனால் நாடகக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு சித்தி, பார்க்க ஆள் வருவதற்குமுன் கடைசி வசனத்தை யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் நாடகம் அன்றைக்கே முடிந்துபோனதாக அர்த்தமாம், அதில் ஆர்வில் மகா பிடிவாதம். மற்றவர்கள் ஒத்திகையில் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள், கடைசியில் நான் ஒரு அடி முன்னால் வந்து, கண்ணில் நீர் தளும்ப, வசனத்துக்குப் பதிலாக, "உருளைக்கிழங்கு" என்பேன். வாரக்கணக்கில் இதே உருளைக்கிழங்கு. அரங்கேற்ற நாளில் ஊரே பார்க்க வாய் பழக்கத்தில் உருளைக்கிழங்கைச் சொல்லிவிட்டால்? எனக்குத் தூக்கம் போயிற்று. வழக்கமாவது ஒன்றாவது என்று வீட்டில் ரகசியமாகப் பழக ஆரம்பித்தேன், துணி மடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, பிரிட்டாவைக் குளிப்பாட்டும்போது.

இதற்கு நடுவே குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது. இரவு அறை விளக்கை அணைக்கப் போனால், மூன்று வயதுப் பிள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அடிக்குரலில், "விளக்க அணைக்காதீங்க, யாராவது வருவாங்க" என்கிறாள். டாக்டர் ஆபீசுக்குப் போன்போட்டு நர்ஸம்மாவிடம், குழந்தை யாரையோ எதிர்பார்க்கிறாள் என்று அழுதேன். அந்தம்மா நிதானமாக எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். கர்ட் வேலையிலிருந்து வந்து கேட்டுவிட்டு, "பேயுமில்ல பிசாசுமில்ல, அது உன் டயலாக்டி" என்றான்.

போன சனிக்கிழமை முதல் காட்சி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். கர்ட் பதற்றத்தில், குளிரில் உறையாமலிருக்க எஞ்சினுக்குச் சூடேற்றும் ஒயரைப் பிடுங்காமலே காரை எடுத்து, கராஜ் சுவரிலிருந்த பிளக்கையும் இழுத்துக்கொண்டே வந்து, பிரிட்டாவை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு இது எதுவும் தெரியாது. கடைசிக் காட்சி வந்தது. வெளிச்சம் மங்கியது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. ஒரு அடி முன்னால் வந்தேன், வாயைத் திறந்தேன், உருளைக்கிழங்கு அல்ல, சரியான வசனமே நாக்கு நுனியில் நின்றது. மூன்றாவது வரிசையிலிருந்து கணீரென்று, "விளக்க அணைக்காதீங்க, யாராவது வருவாங்க."

திரை விழுந்துவிட்டது சித்தி. ஓரத்தில் கயிறு பிடிக்கும் டுவேனை அப்புறம் கேட்டால், "வசனம் கேட்டுச்சு, இழுத்தேன். யாரு சொன்னாங்கன்னு எட்டிப் பாக்கறதா என் வேலை?" என்கிறார். வெளியே ஜனங்கள் எழுந்துநின்று கைதட்டுகிறார்கள். கூட்டத்துக்குள்ளேயே குழந்தையை உட்காரவைத்துப் பேசவைத்தது என்ன யோசனை என்று கர்ட்டின் முதுகைத் தட்டுகிறார்கள். நான் திரைக்குப் பின்னால் கெட்டிலோடு, ஒரு அடி முன்னால், வாய் திறந்தபடி. ஆர்வில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "இதுக்குப் பேருதாம்மா உயிருள்ள கலை" என்றார். அதற்கு உயிர் இருக்கலாம், எனக்குப் போய்விட்டது.

இப்போது மளிகைக் கடையிலும் தபால் ஆபீசிலும் என்னைப் பார்த்தாலே அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் சித்தி, பிள்ளை பிறந்ததிலிருந்து நான் ஆரம்பிக்கிற எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை. பால் பொங்கும், அவள் அழுவாள், கர்ட் முடித்துவைப்பான். இது ஒன்றையாவது நானே முழுசாகச் சொல்லிமுடிக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். நாளைக் காலை கெட்டிலையும் வேஷத்துக்குக் கொடுத்த ஏப்ரனையும் ஆர்விலிடம் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். இந்தப் பனியில் கார் ஓட்டிவந்து நீங்கள் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

உங்கள் முழங்கால் மடங்கவேண்டிய இடத்தில் மட்டும் மடங்கட்டும், உங்கள் வாசலில் பனி சீக்கிரம் உருகட்டும். பிரிட்டா உங்களுக்கு முத்தம் அனுப்புகிறாள். வேறு எதையும் அவள் வாயால் அனுப்ப நான் சொல்லவில்லை.

என்றும் உங்கள்
ஆனிகா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் விடிந்துவிட்டது, ஆர்வில் போன்செய்துவிட்டார். விலகுகிறேன் என்றேன். "அன்னிக்கு ஒரு அடி முன்னால வந்தியா இல்லையா?" என்றார். வந்தேன் என்றேன். "அப்ப பாதி ஆச்சு. மீதிய சனிக்கிழமை வந்து சொல்லு" என்று வைத்துவிட்டார். இனிமேல் டுவேன் காதை நம்பாமல் என் வாயைப் பார்த்துத்தான் கயிறு இழுப்பாராம். கர்ட் பிரிட்டாவோடு வீட்டிலேயே இருக்கிறான். ஆகவே கட்டாயம் வாருங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் அந்த வசனத்தைக் கேட்காத ஆள் நீங்கள் ஒருவர்தான், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லப்போகிறேன். ஐயையோ, இப்போதுதான் மேலே வாசித்துப் பார்க்கிறேன், வசனத்தை ஒன்றுக்கு மூன்று தரம் எழுதிவைத்திருக்கிறேன். மறுபடி எழுத நேரமில்லை, பிரிட்டா எழுந்துவிட்டாள். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடுங்கள்.