சப்ளை அண்ணன் காலியாக அனுப்பிய படகு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கொடு, அனுப்பு, பரிமாறு, கொண்டுவா என்ற சொற்களையெல்லாம் ஒற்றை ஆளாக வேலையை விட்டுத் தூக்கியவர் எங்கள் தெரு சப்ளை அண்ணன். அவருக்கு எல்லாமே சப்ளைதான். "வூட்டாண்ட வா நைனா, வஞ்சிரம் சப்ளை பண்றேன்" என்பார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தால், காலையிலேயே அண்ணி திட்டு சப்ளை பண்ணிவிட்டாள் என்று அர்த்தம்.

கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு அரிசி, வெங்காயம், குடிதண்ணீர், ஐஸ் ஏற்றுவது அவர் தொழில். சரக்கில்லாமல் படகு கிளம்பினால் போன ஆள் திரும்பமாட்டான் என்பது அவர் மதம். தரையில் போகிறவர்களுக்கும் அதே சட்டம். நான் பெங்களூருக்கு இன்டர்வியூ போனபோது அரை மூட்டை அரிசியும் ஒரு கூடை கருவாடும் ரயிலேற்றினார். அன்று என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஒரு பெருமழையில் சடையங்குப்பம் மூழ்கியது. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த என் மனைவி அங்கே மொட்டை மாடியில், வலியோடு. போன் வந்ததும் அண்ணனிடம்தான் ஓடினேன். சின்ன ஃபைபர் படகொன்றை, ஓட்டுகிற ஆளோடு, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். படகுக்குள் அரிசி மூட்டை, வெங்காயம், அடுப்பு, தண்ணீர் கேன். ஐஸும் இருந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குத்தானே போறோம்?"

"அதுக்கு இன்னா இப்போ? போட்டுன்னா சரக்கு இல்லாம வுடமாட்டேன். பேஜாரு பண்ணாத, குந்து."

குந்த ஏது இடம்? வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துதான் போனேன்.

மாடிப்படியை ஒட்டிப் படகை நிறுத்தினோம். அவள் துடிப்பதை அண்ணன் பார்த்தார். அவளைப் படுக்கவைத்தாக வேண்டும். மளமளவென்று மூட்டை, கேன், அடுப்பு எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிப் போட்டார். பாரம் குறையட்டும் என்று தானும் இறங்கிக்கொண்டார்.

"நீ கெளம்பு நைனா. தங்கச்சிய பாத்துக்க."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரக்கில்லாத படகு போவதைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

மகள் பத்திரமாகப் பிறந்தாள். மாடியில் மாட்டிக்கொண்டிருந்த சனத்துக்கெல்லாம் சோறாக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் வடிந்ததும் அண்ணன் வந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"போட்ட காலியா அனுப்பிச்சிட்டேன் நைனா. ராவெல்லாம் தூக்கமே இல்ல. தங்கச்சி நல்லா கீதா? கொயந்த?"

குழந்தையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. நடுவில் குழந்தை இருந்ததால் விட்டுவிட்டேன்.