ஒரு கண்ணுக்கு வெண்ணெய்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. நேற்று போனில் நீங்கள் திட்டிய வேகத்திலேயே உங்கள் நலம் தெரிந்துவிட்டதால், நேராக நன்றிக்கு வருகிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய் செய்கிறார்கள். பெட்டியில் குவிந்து கிடக்கும் பித்தளைக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்க ஒரு ரோபோ கை. அதற்கு வழிகாட்ட மேலே இரண்டு கேமரா. எதற்கு இரண்டு என்றால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தெரியும். இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான் குழாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கைக்குப் புரியும். அதைப் புரியவைப்பதுதான் என் வேலை. நேற்று மூன்று மணிக்கு, மேலாளர் முன்னால் அது இருபது குழாய்களை எடுத்துக் காட்டினால் எனக்கு வேலை நிரந்தரம்; இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதுவோ காலையிலிருந்து ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு விரற்கடை மேலே நின்று, மிகுந்த மரியாதையுடன் காற்றைப் பிடித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தது. புரோகிராமைப் பார்த்தேன், கணக்கைப் பார்த்தேன், எதிலும் தப்பில்லை. சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, காத்தைப் புடிச்சு அடுக்கவா இவ்வளவு பெரிய கை? ஃபேன் பக்கம் திருப்பி வையி, நிறையக் கிடைக்கும்"ங்கறார், எனக்கு அழுகையும் வருது சிரிப்பும் வருது, அந்த நேரம் பார்த்து உங்க போன். எடுத்ததும் எடுக்காததுமா, "சித்திக்கு வாரம் ரெண்டு போன், எனக்கு மாசம் ஒண்ணு. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பாடி?"ன்னு கேட்டீங்க பாருங்க, நான் சட்டுனு அண்ணாந்து பார்த்தேன் பெரியம்மா. இடது கேமரா பளபளன்னு இருக்கு. வலது கேமராமேல பக்கத்து மெருகு இயந்திரத்தோட வெள்ளைப் பொடி. நிஜமாவே சுண்ணாம்பு! துடைக்கிற அக்காவுக்கு அந்தக் கண்ணு எட்டலை போலிருக்கு. போனை வெச்சுட்டு (நீங்க பாதி வாக்கியத்துல இருந்தீங்க, மன்னிக்கணும்), ரோபோவை நிறுத்திட்டு, ஸ்டூல்மேல ஏறி அழுத்தித் துடைச்சேன். மூணு மணிக்கு இருபதுக்கு இருபது! சூப்பர்வைசர், "போன்ல யாரும்மா? அவங்களையே வேலைக்கு வெச்சிருக்கலாமே"ன்னார்.

நான் படித்த புத்தகம் எதுவும் சொல்லாததை உங்கள் கோபம் ஒரே வரியில் சொல்லிவிட்டது. இனி சித்திக்கும் உங்களுக்கும் ஒரே அளவு. பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

திட்டோ வாழ்த்தோ, உங்கள் வாயால் வந்தால் போதும் என்றிருக்கும்,
உங்கள் மகள்.

பி.கு.: மடிக்கும்போதுதான் உறைத்தது. பொடி படிந்த கண்ணுக்குக் குழாயே தெரியாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் சரியாக இரண்டே விரற்கடை பிசகுவதற்குப் பொடி காரணமாக இருக்க முடியாது. வேலைக்குப் போனதும் தொட்டுப் பார்த்தேன், வலது கேமரா ஆடுகிறது. திருகு தளர்ந்து லேசாகத் திரும்பியிருந்தது, அதனால்தான் ஆழம் எப்போதும் ஒரே அளவு பிசகியிருக்கிறது; துடைக்கும்போது நான் அழுத்தியதில் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். "சரிம்மா, முதல்ல திருகை முடுக்கு" என்றார், வேலை போகவில்லை. ஆகவே மேலே உள்ள நன்றி முழுவதும் தவறான காரணத்துக்கு. ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை. நீங்கள் திட்டியிராவிட்டால் நான் அந்த ஸ்டூலில் ஏறியிருக்கவே மாட்டேன்.