டிரம்முக்கு வெயில் காட்டிய கதை

குன்னூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் ஏகநாதன் அவர்களுக்கு, இராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை அன்னமும் நலம். காயாத துணிகளும் அப்படியே நலம்.

கோயம்புத்தூரில் உஷாவுக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வேலையை விட்டுவிட வேண்டாம். மகளை அனுப்ப எனக்கு மனமே இல்லை. ஆனால் அவள் இங்கேயே இருக்க இருந்த ஒரே வழியை நானே கெடுத்துவிட்டேன்.

எஸ்டேட் குடியிருப்பின் கழிவுநீரில் நைட்ரேட் அதிகம், அது ஓடையில் கலக்கிறது. சதுப்பு மண்ணில் இருக்கும் பாக்டீரியாவே அதை நீக்கிவிடும் என்று உஷா ஒரு டிரம்மில் அந்த மண்ணையும் கழிவுநீரையும் நிரப்பி, கொஞ்சம் வெல்லக் கரைசல் ஊற்றி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறுக மூடி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மேனேஜர் லெஸ்லி வந்து பார்ப்பார். தண்ணீர் தேறினால் எஸ்டேட்டிலேயே தொட்டி கட்டி அவளுக்கு வேலையும் தருவார். டிரம்மிலிருந்து ஒரு குழாய் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும். உள்ளே வேலை நடந்தால் பாட்டிலில் குமிழி வரும். பனிமூட்டத்தில் நாற்காலியைப் போட்டு அந்தப் 'பொளக் பொளக்'கைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எதிர்மலை மறையும், வேலி மறையும், என் கால்கூட மறையும், சத்தம் மட்டும் இருக்கும். காபி ஆறிப்போவது தெரியாது மச்சான்.

நேற்று, எத்தனையோ நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. இங்கே வெயில் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெருவே கம்பளியையும் மெத்தையையும் வெளியே கொண்டுவந்து போட்டது, அன்னம் அரிசி டின்னைக்கூடத் திறந்து வைத்தாள். இந்தச் சின்ன உயிர்கள் மட்டும் இருட்டில் கிடக்கின்றனவே என்று எனக்குப் பாவமாகிவிட்டது. மூடியைக் கழற்றி, நன்றாகக் காற்றுப் படட்டும் என்று ஒரு கழியால் கிண்டியும் விட்டேன்.

உஷா வந்து பார்த்தாள். "ஏனுங்கப்பா, காத்து கெடைக்காததுனாலதானுங்க அதுக நைட்ரேட்ல இருந்து ஆக்சிஜன் எடுத்துட்டிருந்துச்சு. காத்தையே ஊட்டி விட்டா அப்பறம் எதுக்குங்க அதைத் தொடப்போகுது?"

"அதுகளும் கொஞ்சம் வெயில் காயட்டும்னுதான் கண்ணு," என்றேன். அவள் மூடியை இறுக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

பாட்டிலில் இப்போது சத்தமே இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை. அவளுக்கு ஓர் அறை பார்த்து வையுங்கள், ஞாயிறன்று நானே கொண்டுவந்து விடுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்.

பி.கு.: மழை விடாததால் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்று வெள்ளி. நேற்றுக் காலை பாட்டில் 'பொளக்' என்றது. உள்ளே இருந்த காற்று தீர்ந்ததும் அதுகள் நைட்ரேட்டுக்கே திரும்பிவிட்டனவாம். லெஸ்லி பார்த்துவிட்டுத் தொட்டி கட்டச் சொல்லிவிட்டார். எனவே அறை வேண்டாம், வேலை வேண்டாம், மேலே எழுதியது எதுவும் வேண்டாம். மழை நின்று இப்போது நல்ல வெயில். "ஏனுங்க, எந்திரிங்க, அதையும் செத்த தொறந்து வெக்கலாம்," என்று அன்னம் வந்து நிற்கிறாள். எழுந்திருக்க மாட்டேன். இதை டிரம் மூடிமேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.